புதுப்பிப்பு: காடி வெட்டு இப்போது வழவழப்பாக வருகிறது

மரத்தடிகளை அடுக்கிக் கட்டும் வீட்டின் மூலைகளில் தடிமேல் தடி உட்காரக் காடி (பள்ளம்) எடுக்கும்போது, செயின்சா (சங்கிலி ரம்பம்) வெட்டு வரி வரியாகவும் விளிம்பு பிய்ந்தும் வருகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். செயினைப் பாருங்கள், வெட்டுக் கோட்டைக் கத்தியால் கீறுங்கள் என்றார்கள். இரண்டுமே பலித்தது, நன்றி.

செயினை அளந்தால் இடப்பக்கப் பற்கள் குட்டை. வெட்டு ஒரு பக்கமாக இழுத்தது அதனால்தான். இருப்பதிலேயே குட்டையான பல்லின் அளவுக்கு எல்லாவற்றையும் அராவினேன். ரேக்கர் (ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் இருந்து வெட்டின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் மேடு) பல் நுனியைவிட 0.025 அங்குலம் தாழ்வாக இருக்கிறது.

அப்புறம் கீறல். பென்சில் கோட்டின்மேல் கூரான கத்தியை அழுத்தி 3 மி.மீ. ஆழம் ஓட்டினேன். நார் அங்கேயே அறுபடுவதால் விளிம்பு பிய்வதில்லை.

உண்மையான மாற்றம் கடைசிச் சீவலில்தான். கோட்டுக்கு அரை அங்குலம் முன்பே நிறுத்தி, நடுவில் வரிசையாக வெட்டுப் போட்டு, சில்லுகளைத் தட்டி எடுத்துவிடுகிறேன். பிறகு முழு வேகத்தில் பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின்) நுனியின் கீழ்ப் பாதியால், துடைப்பம் போல இடமும் வலமுமாக, அழுத்தாமல் வருடுகிறேன். ஒவ்வொரு வருடலிலும் மெல்லிய சீவல்தான் போக வேண்டும். நுனியின் மேல் பாதி மரத்தில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். தயவுசெய்து இரு கையாலும் பிடித்தே இருங்கள்.

காடியின் நடுவை லேசாகக் குழித்துவிட்டேன். இப்போது விளிம்புகள் மட்டும் இறுக உட்காருகின்றன. கணு வரும் இடத்துக்கு மட்டும் இன்னும் உளிதான்.