புல் வெட்டும் தொழில்: இரண்டு மாதம் கழித்து ஒரு புதுப்பிப்பு

அப்பாவின் பழைய மெஷினை வைத்து, 16 வயதில் அக்கம்பக்கத்து வீடுகளில் புல் வெட்டிச் சம்பாதிக்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். தொடங்கிவிட்டேன், இப்போது ஐந்து வீடுகள். முதல் வாரமே மெஷின் கிளம்பவில்லை. மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) அடைத்திருந்தது, சுத்தம் செய்து புது பெட்ரோல் ஊற்றியதும் ஓடியது.

அடுத்த தப்பு முழுக்க என்னுடையது. அடிக்கடி வர வேண்டாமே என்று ஒரு வீட்டில் புல்லை ஒட்ட வெட்டினேன், நாலே நாளில் மஞ்சளாகிவிட்டது. ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாதாம். அந்த வீட்டு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த இரண்டு முறை காசு வாங்காமல் வெட்டிக் கொடுத்தேன். நல்லவேளை, என்னை விட்டுவிடவில்லை.

பிளேடைத் தீட்டச் சொன்னவர்களுக்கு நன்றி. மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, கிழிக்கும், நுனியெல்லாம் பழுப்பாகிவிடும். பிளேடைத் தொடும் முன், மெஷின் தவறிக் கிளம்பிவிடாதபடி ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுகிறேன் (அம்மாவின் நிபந்தனை).

அப்புறம் கட்டணம்: மணிக்கணக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன், கை பழகப் பழக வேலை சீக்கிரம் முடிவதால் நஷ்டம் எனக்குத்தான். இடத்தின் அளவைப் பார்த்து மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்கிறேன். ஈரப்புல்தான் இன்னும் தொல்லை, மெஷினில் கட்டிகட்டியாக அடைத்துக்கொள்கிறது. மழை பெய்தால் மறுநாளைக்குத் தள்ளிவிடுகிறேன்.