ஆரோ டயக்ராமா, பாக்ஸ் டயக்ராமா, பெர்ட்டா? ஷெட்யூலுக்கு எதை எடுக்கறது?

புது_பிளானர்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு பைப்லைன் வேலைக்கு நெட்வொர்க் டயக்ராம் (எந்த வேலைக்கு அடுத்து எதுன்னு காட்டற படம்) போட்டுக் குடுக்கச் சொல்லியிருக்காங்க, மொத்தம் 60 ஆக்டிவிட்டி கிட்ட வரும். காலேஜ்ல படிச்சப்போ அம்புக்குறி மேல வேலையோட பேரை எழுதி, ரெண்டு முனையிலயும் வட்டம் போட்டு நம்பர் குடுக்கற முறைதான் சொல்லிக் குடுத்தாங்க. இப்போ சாஃப்ட்வேர்ல பார்த்தா எல்லாமே பாக்ஸா இருக்கு, அம்பு மேல ஒண்ணுமே இல்ல. மேனேஜர் பெர்ட் (PERT, புரோகிராம் எவால்யுவேஷன் அண்ட் ரிவ்யூ டெக்னிக்) போடுங்கறார், கூட வேலை பாக்கறவர் சிபிஎம் (CPM, கிரிட்டிக்கல் பாத் மெத்தட்) போதும்ங்கறார், இன்னொருத்தர் பிடிஎம்தான் (PDM, பிரிசிடென்ஸ் டயக்ராமிங் மெத்தட், பாக்ஸ்ல வரையறது) இப்போ எல்லாரும் பண்றாங்கன்னு சொல்றார். மூணுல எதை எடுக்கறதுன்னு நிஜமாவே புரியல.

மெயின் வேலை இதுதான்: டிரென்ச் தோண்ட 10 நாள், பைப் போட 8 நாள், மண் மூட 5 நாள். ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு போட்டா 23 நாள் வருது, ஆனா சைட்ல யாரும் முழுசா தோண்டி முடிக்கிற வரைக்கும் பைப் போடாம காத்துட்டு இருக்க மாட்டாங்களே?

சைட்_ஷெட்யூலர்

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நீங்க மூணு முறைன்னு நினைக்கறது உண்மையில ரெண்டு தனித்தனி கேள்வி. வேலையை அம்பு மேல எழுதறதா பாக்ஸ்ல எழுதறதாங்கறது வரையற கேள்வி. ஒரு வேலைக்கு ஒரே கால அளவா, இல்ல மூணு கால அளவாங்கறது மதிப்பிடற கேள்வி. சிபிஎம்ல ஒண்ணு, பெர்ட்ல மூணு, அந்த வித்தியாசம் ரெண்டாவதுல வருது, அம்பா பாக்ஸாங்கறது முதல்ல வருது. அதனால பாக்ஸ்ல வரைஞ்சுட்டே பெர்ட் கணக்கும் பண்ணலாம், ஒண்ணும் முரண் இல்ல.

இது ஏன் ஒண்ணா கலந்துச்சுன்னா சிபிஎம் 1957ல டூபாண்ட் கம்பெனியும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து உருவாக்கினது, பெர்ட் 1958ல அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காகக் கொண்டு வந்தது, ரெண்டுமே அம்பும் வட்டமுமா வரைஞ்ச காலம். பாக்ஸ்ல எழுதற முறையை 1961ல ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஃபான்டால், கம்ப்யூட்டர் இல்லாம கையாலயே கணக்கு போடறதுக்காகக் கட்டுமானக்காரங்களுக்கு விளக்கி எழுதினார். பிடிஎம் அந்த வழியில வளர்ந்ததுதான்.

இப்போ அம்புல எங்க இடிக்கும்னு உங்க வேலையிலயே பாருங்க. டிராயிங் அப்ரூவல், பைப் டெலிவரி ரெண்டும் தனித்தனியா நடக்குது. லைன் மார்க்கிங்குக்கு டிராயிங் மட்டும் போதும். பைப்பை லைன் நெடுக இறக்கி வைக்க டிராயிங்கும் வேணும், பைப்பும் வந்திருக்கணும். அவசரத்துல டிராயிங், டெலிவரி ரெண்டு அம்பையும் ஒரே வட்டத்துல கொண்டு போய் முடிச்சுட்டீங்கன்னா மார்க்கிங்கும் பைப் வர்ற வரைக்கும் காத்திருக்கும், ஒரு அவசியமும் இல்லாம. அதைத் தவிர்க்க ரெண்டு வட்டம் போட்டு நடுவுல புள்ளிக்கோட்டுல ஒரு டம்மி அம்பு போடணும், அதுக்கு நேரமும் கிடையாது, வேலையும் கிடையாது. 60 ஆக்டிவிட்டில இந்த மாதிரி எத்தனை டம்மி வரும்னு யோசிங்க. ஒண்ணு விட்டாலும் லாஜிக் தப்பு, ஆனா பாக்கறதுக்கு டயக்ராம் சரியாவே இருக்கும், அதான் ஆபத்து. பாக்ஸ்ல டம்மியே வேண்டாம், டிராயிங்ல இருந்து ரெண்டு கோடு, டெலிவரில இருந்து ஒரு கோடு, முடிஞ்சது. கண்ணை மூடிட்டு பிடிஎம் எடுங்க.

பழைய_டிரேசிங்_ஷீட்

கண்ணை மூடிட்டு எடுக்க வேண்டாம் தம்பி, கண்ணைத் திறந்தே எடுங்க. நான் வருஷக்கணக்கா அம்புலதான் வரைஞ்சேன், அதுல ஒரு நல்லது உண்டு, ஒவ்வொரு வட்டமும் ஒரு நிகழ்வு, "இங்க இதெல்லாம் முடிஞ்சிருக்கணும்"னு விரலை வெச்சுக் காட்டலாம். ஆனா உங்க 23 நாள் பிரச்சினைக்கு அம்பு ஒத்து வராது, ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்ததுங்கற உறவு மட்டும்தான் அதுல உண்டு. ஓவர்லேப் வேணும்னா தோண்டறதை மூணா நாலா வெட்டணும், பைப்பையும் அப்படியே வெட்டணும், நடுவுல டம்மியா கொட்டணும்.

பிடிஎம்ல தொடக்கத்துக்குத் தொடக்கம், முடிவுக்கு முடிவுன்னு உறவு குடுத்து லேக் (நடுவுல விடற இடைவெளி நாள்) போடலாம். எல்லாரும் விழற குழியும் அதுதான். தோண்ட ஆரம்பிச்சு 2 நாள் கழிச்சு பைப், பைப் ஆரம்பிச்சு 2 நாள் கழிச்சு மண் மூடறதுன்னு தொடக்கத்தை மட்டும் கட்டிப் பாருங்க. பைப் 10வது நாள் முடிவுல முடியும், மண் மூடறது 9வது நாளே முடிஞ்சிடும். போடாத பைப் மேல மண்ணை எப்படி மூடுவீங்க? முடிவையும் கட்டணும். தோண்டி முடிச்சதுக்கு 2 நாள் கழிச்சுதான் பைப் முடியலாம், பைப் முடிஞ்சு 1 நாள் கழிச்சுதான் மூடறது முடியலாம்னு குடுத்தா 12, 13னு வரும், மொத்தம் 13 நாள்.

இன்னொண்ணு, இந்த நெட்வொர்க்ல பைப் போட ஆளைக் கூட்டி 8 நாளை 6 ஆக்கினாலும் முடிவு தேதி ஒரு நாள் கூட முன்னாடி வராது, பைப் லேட்டா ஆரம்பிக்கும், அவ்வளவுதான். ஏன்னா முடிவை இழுத்துப் பிடிச்சிருக்கறது தோண்டற வேலை. கிரிட்டிக்கல்னு (அது தள்ளிப் போனா மொத்த முடிவும் தள்ளிப் போகும்னு) சாஃப்ட்வேர் சிவப்பா காட்டுதேன்னு பைப் வேலையில காசைக் கொட்டினா வீண்தான்.

ரிஸ்க்_கணக்கு

பெர்ட் பத்தி யாரும் சரியா சொல்லல, நான் சொல்றேன். நல்லா போனா, சாதாரணமா, மோசமா போனான்னு மூணு மதிப்பு. நடு மதிப்பை நாலால பெருக்கி மத்த ரெண்டையும் கூட்டி ஆறால வகுக்கணும். தோண்டறதுக்கு 6, 9, 18னு வெச்சா 10 நாள் வரும், மோசமானதுல இருந்து நல்லதைக் கழிச்சு ஆறால வகுத்தா திட்ட விலக்கம், அதாவது நாள் எவ்வளவு முன்னப் பின்ன போகலாம்ங்கற அளவு, 2 நாள். தரைக்கு அடியில பாறை இருக்குமா தண்ணி ஊறுமான்னு தெரியாத வேலைக்கு இது ரொம்ப உதவும். பழகின வேலைக்கு மூணு நம்பர் கேட்டா ஆளுங்க ஒரு நம்பரைச் சொல்லிட்டு முன்னும் பின்னும் ரெண்டு கூட்டிக் கழிச்சுக் குடுப்பாங்க, அதுல ஒரு தகவலும் இல்ல.

பெர்ட்டை முழுசா நம்பவும் கூடாது. அது கிரிட்டிக்கல் பாத் (முடிவு தேதியைத் தீர்மானிக்கற மிக நீளமான வேலை வரிசை) ஒண்ணை மட்டும் பிடிச்சுட்டுப் போகும். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு பாத் ஒரே இடத்துல சேருது, ரெண்டுமே குறிச்ச தேதிக்குள்ள முடிய 50 சதவீத வாய்ப்புன்னா, சேர்ற இடம் அந்தத் தேதிக்குள்ள தயாராக 25 சதவீதம்தான் வாய்ப்பு. மேனேஜர் உறுதியா தேதி கேட்டா பிடிஎம் நெட்வொர்க் மேல மான்டி கார்லோ (வேலைகளோட நாளை மாத்தி மாத்திப் போட்டு கம்ப்யூட்டர் பல தடவை கணக்கு பாக்கறது) ஓட்டிக் காட்டுங்க.

சைட்_ஷெட்யூலர்

எல்லாம் சரி, டெஸ்டிங் எங்க? ஜாயிண்ட்டை மூடிட்டா லீக் எங்கன்னு எப்படிப் பாப்பீங்க?

புது_பிளானர்

சார், அதை மறந்தே போயிட்டேன். இப்போ மூடறதை ரெண்டா பிரிச்சுட்டேன்: ஜாயிண்ட்டை விட்டுட்டு பைப் உடம்பு மேல மட்டும் மூட 3 நாள், அப்புறம் பிரஷர் டெஸ்ட் 2 நாள், டெஸ்ட் பாஸ் ஆன பிறகு ஜாயிண்ட் மூட 2 நாள். பழைய ஷீட் சார் சொன்ன மாதிரி ரெண்டு பக்கமும் கட்டினதுல முதல் மூடல் 13ல முடியுது, டெஸ்ட் 15, கடைசி 17. தோண்டறதுக்கு மட்டும் மூணு மதிப்பு வாங்கலாம்னு இருக்கேன், மீதி எல்லாத்துக்கும் ஒரே நம்பர். டெஸ்ட் ஃபெயில் ஆனா திரும்ப ரிப்பேர், திரும்ப டெஸ்ட்னு சுத்தி வருமே, அந்த வளையத்தை பிடிஎம்ல எப்படிக் காட்டறது?

ரிஸ்க்_கணக்கு

காட்ட முடியாது, பின்னாடி திரும்பற கோடு போட்டா சாஃப்ட்வேர் லூப்னு சொல்லி கணக்கையே நிறுத்திடும். ரிப்பேரும் ரீடெஸ்ட்டும் சேர்த்து ஒரு தனி பாக்ஸ், டெஸ்ட்டுக்கு அடுத்து வைங்க, அதுக்கும் மூணு மதிப்பு வாங்குங்க, நல்லா போனா 0.