சாதா சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதில் வேறு பொருள் கலந்த மாற்றுச் சிமெண்டில் கை வைத்தவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

வீட்டுக்காரர், சேலம்:
நானே தொடங்குகிறேன். தூண்களுக்கு, இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடு கலந்த சிமெண்டு வாங்கினேன். மூட்டைக்குச் சில ரூபாய் மிச்சம் என்பதுதான் காரணம். கரியமில வாயுவைக் குறைத்துப் பூமியைக் காக்கும் எண்ணமெல்லாம் அப்போது இல்லை. பலகை பிரித்தபோது ஒரு தூணின் மூலை பெயர்ந்துவிட்டது. உள்ளே பார்த்தால் மயில்கழுத்து நிறம்! கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். மேஸ்திரிதான் சிரித்துக்கொண்டே, “கசடு போட்டால் அப்படித்தான் சார், காற்றுப் பட்டால் வெளுத்துவிடும்” என்றார். பெயர்ந்த துண்டைச் சன்னல் திண்டில் வைத்துத் தினமும் பார்த்தேன். நான்கைந்து நாளில் சாதாரணச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. கசட்டில் இருக்கும் கந்தகச் சேர்மங்களின் வேலையாம். கடைக்காரரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

தள மேற்பார்வையாளர், உதகை:
அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்டில் நான் பட்டது வேறு. மார்கழிக் குளிரில் தளம் போட்டோம். ஏழாம் நாள் சோதனைக் கட்டிகளை நசுக்கினால், எதிர்பார்த்த வலிமையில் பாதிகூட இல்லை. 28ஆம் நாள் அதே கலவை தேறியது. சிமெண்டு நீரோடு வினைபுரியும்போது சுண்ணாம்பு வெளிப்படும். அது கிடைத்த பிறகுதான் சாம்பலுக்கு வேலை. இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கும் விருந்தாளி மாதிரி. அதுவரை ஈரம் காயக் கூடாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 456 விதிப்படி சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். எங்கள் ஒப்பந்தக்காரர் ஐந்தாம் நாளே பாத்தியை உடைத்துத் தண்ணீரை வடித்துவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்த சோதனைக் கட்டி தேறியது. தளத்தின் மேற்பரப்போ இன்றும் விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது.

ஆய்வக மாணவி, சென்னை:
எங்களுடையது எல்.சி.3 என்ற சுட்ட களிமண் சிமெண்டு. சுண்ணாம்புக்கல்லை உலையில் சுட்டு எடுக்கும், சிமெண்டின் மூலக் கட்டியான கிளிங்கர் 50 விழுக்காடு, சுட்ட களிமண் 30, அரைத்த சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. கிளிங்கருக்கு உலையில் சுமார் 1,450 டிகிரி வேண்டும். அந்த எரிபொருள் புகையைவிட, வேகும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்தே கிளம்பும் கரியமில வாயுதான் அதிகம். களிமண்ணுக்கு 800 டிகிரி அளவு போதும். மண்ணிலிருந்து வெளியேறுவது பெரும்பாலும் நீராவிதான். சுண்ணாம்புக்கல்லைச் சுடாமல் அப்படியே அரைத்துப் போடுகிறோம். அதுவும் சும்மா கிடப்பதில்லை. களிமண்ணில் உள்ள அலுமினா என்ற சேர்மத்தோடு சேர்ந்து படிகமாகி, நுண்துளைகளை அடைக்கிறது.

இத்தனையும் படித்துவிட்டுத்தான் முதல் கலவை போட்டேன். கரண்டியைக் கவிழ்த்தால் விழவில்லை. கெட்டியாக அரைத்த உளுந்து மாவு போல ஒட்டிக்கொண்டு நின்றது. உடனிருந்தவர் இரக்கப்பட்டு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டார். கலவை அழகாக இளகியது. அந்தக் கட்டிகள் அத்தனையும் வலிமைச் சோதனையில் தோற்றன. சுட்ட களிமண் துகள்கள் மிக நுண்ணியவை, தகடு தகடானவை; நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். கூட்ட வேண்டியது கலவையை இளக்கும் வேதிப்பொருளான பிளாஸ்டிசைசரை, தண்ணீரை அல்ல. மண்ணில் இரும்பு இருந்ததால் கட்டிகளுக்குச் செம்மண் சாயல் வேறு. 2023இல் இதற்கென்று ஐ.எஸ். 18189 தரநிர்ணயமே வந்துவிட்டது. எங்கள் ஆய்வகத்துக்கு வரும் கொத்தனார் மட்டும் இன்னும் ‘செங்கல் சிமெண்டு’ என்றுதான் சொல்கிறார்.

காரை அரைத்தவரின் பேரன், தேனி:
கொத்தனார் சொன்னதில் பிழையில்லை, தங்கச்சி. சுண்ணாம்போடு சேர்க்கும் செங்கல் தூளுக்குச் சுர்க்கி என்று பெயர். 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் காரையே சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். மாடு பூட்டிய கல் சக்கரம் வட்டக் குழியில் சுற்றச் சுற்ற, தாத்தா பின்னாலேயே நடந்து கலவையைத் தள்ளிவிடுவாராம். அவர் எழுப்பிய சுவரைப் போன வருடம் இடித்தோம். கடப்பாரைக்குச் செங்கல் உடைந்தது. காரை இணைப்பு விட்டுக்கொடுக்கவில்லை. கூலியாள் ஒன்றரை நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.