மகள் புட்டு சாப்பிடுகிறாள், தமிழ் பேச மாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?

டோர்ட்முண்ட் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 11 வயது, இங்கேயே பிறந்தவள். இடியப்பமும் சொதியும் வைத்தால் கோப்பையை வழித்துச் சாப்பிடுவாள், உறைப்பு எங்களை விடக் கூடத் தாங்குவாள், ஹம் காமாட்சி அம்மன் கோயில் தேர் என்றால் முதல் நாளே பட்டுப்பாவாடையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிடுவாள். ஆனால் நான் தமிழில் கேட்டால் பதில் ஜெர்மனில்தான்.

ஞாயிறு தோறும் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வாட்ஸ்அப்பில் எடுப்பார். "என்ன பிள்ளை சாப்பிட்டனீ?" "புட்டு." "என்ன கறியோட?" "மீன்." அவ்வளவுதான், அதற்கு மேல் அவளிடம் சொல் இல்லை, போனை என் கையில் தந்துவிட்டுப் போய்விடுவாள். அம்மா அந்த இரண்டு சொல்லுக்கே சந்தோஷப்படுகிறார். எனக்குத்தான் நெஞ்சை அடைக்கிறது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு 3 வருடம் அனுப்பினோம். இப்போது போக மாட்டேன் என்று அழுகிறாள், கைப்பந்துப் பயிற்சியும் அதே நேரத்தில்தான் வருகிறது. கணவர் சொல்கிறார், "விடு, சாப்பாடும் கோயிலும் இருக்குதானே, அது போதும்" என்று. போதுமா? இல்லை, கட்டாயப்படுத்தி அனுப்பத்தான் வேண்டுமா?

லாச்சப்பல்காரன்:

தங்கச்சி, சாப்பிடுவது மட்டும் போதாது. பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெரு லாச்சப்பலுக்கு வந்து பாருங்கள், ஃபோபூர் சேன் தெனி தெருவில் கொத்துரொட்டி வாங்க வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர்தான், கொத்துரொட்டி சாப்பிட்டு அவர்களில் ஒருவராவது தமிழர் ஆனாரா?

ஆனால் சமைப்பது வேறு கதை. நான் 1986 இல் பாரிசுக்கு வந்தவன். பிரெஞ்சுப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே இல்லை, நான் கற்ற பிரெஞ்சு முழுக்க உணவகத்தில் கோப்பை கழுவிய இடத்தில் கற்றதுதான். பின்னால் ஒருவன் கொதிக்கிற சட்டியோடு "ஷோ தெவான்!" (சூடு, விலகு!) என்று கத்திக்கொண்டு வருவான், அதற்கு அர்த்தம் தெரியாவிட்டால் கை வெந்துவிடும். அப்படி வந்த சொல் 40 வருடமாகியும் மறக்கவில்லை.

உங்கள் மகளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு வேலை கொடுங்கள். தேங்காய் திருவு, பால் பிழி, வெங்காயம் அரி, மிளகாய் கிள்ளு. புட்டுக்கு மா குழைக்கும்போது பக்கத்தில் நிறுத்தி, சுண்டின் (அரிசி அளக்கிற டின்னின்) விளிம்பால் அவளையே கொத்தச் சொல்லுங்கள். மா கட்டிபட்டதா, உதிரியாக வந்ததா, தண்ணீர் கூடிப்போச்சா என்று பேசித்தானே ஆகவேண்டும். தட்டில் வந்த புட்டுக்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. அவிக்கிற புட்டுக்கு இருபது வினைச்சொல் இருக்கிறது.

தாய்மொழி ஆசிரியை, சுவீடன்:

அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். சமையலறைத் தமிழ் நல்ல தொடக்கம், ஆனால் அது சமையலறையை விட்டு வெளியே வராமலே நின்றுவிடும். இங்கே எனக்கு வரும் பிள்ளைகள் பலருக்குக் கறிப் பெயர் எல்லாம் தெரியும், "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று சொல்லத் தெரியாது.

சுவீடனில் 1970களிலிருந்தே பள்ளியில் தாய்மொழி வகுப்பு உண்டு. ஒரு மொழிக்குப் போதிய பிள்ளைகளும் தகுந்த ஆசிரியரும் இருந்தால் நகராட்சியே அதை நடத்தவேண்டும். அப்படி வாரத்தில் ஒரு மணி நேரம் போல எனக்குக் கிடைக்கும். அதற்குள் நான் எத்தனையோ பிள்ளைகளிடம் "வீட்டில் அம்மா அப்பா உன்னோடு தமிழில் என்ன பேசுவார்கள்?" என்று கேட்டிருக்கிறேன். வரும் பதில்: எழும்பு, சாப்பிடு, படி, போனை வை, படு. எல்லாமே ஏவல்! கதை, பகிடி, ஊர்ப்புதினம் எல்லாம் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், பிள்ளைக்கு வருவது கட்டளை மட்டும். ஏச்சு வாங்குகிற மொழியில் எந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல மனம் வரும்? உங்கள் வீட்டில் அப்படி என்று சொல்லவில்லை அக்கா, ஆனால் ஒரு நாள் முழுக்க நீங்கள் அவளோடு தமிழில் பேசியதை மனதில் குறித்துப் பாருங்கள்.

கைப்பந்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அந்தக் கோபம் தமிழ்மேல்தான் விழும். எழுத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம், 3 வருடம் படித்தது வீணாகப் போகக்கூடாது. கடைக்குப் போகும் பட்டியலை அவளைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், பிழை இருந்தாலும் திருத்தாமல் அதையே கொண்டுபோய்ச் சாமான் வாங்குங்கள்.

ஐந்தோவன் தம்பி:

நான் தமிழ்நாட்டுக்காரன், வேலைக்காக நெதர்லாந்து வந்தவன். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். பிள்ளை நடுவில் ஜெர்மன் சொல் கலந்தால் பதறாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஈழத்து அம்மா அலுவலகத்தைக் "கந்தோர்" என்பார், இங்கே டச்சில் நான் தினமும் போவதும் "கான்டோர்"தான், டச்சுக்காரன் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது விட்டுப்போன சொல் அது. பாண், அலுமாரி, சப்பாத்து எல்லாம் அவனுக்கு முன்னால் இருந்த போர்த்துக்கீசனுடையது. உங்கள் கறித்தூளில் இருக்கிற மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்ததுதானே. பெயர்ச்சொல் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும், வாக்கியம் தமிழில் முடிந்தால் சரி.

பேர்ன் பெண்:

நான் இங்கே சுவிசில் பிறந்தவள், அதனால் மகள் பக்கமிருந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

என்னையும் அழ அழத்தான் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள், அதற்காக இன்றைக்கும் நான் நன்றி சொல்லத் தயாரில்லை. எனக்குத் தமிழ் வந்தது அங்கே இல்லை. அப்பா இரவு வேலை முடித்து வரும்வரை அம்மா தூங்காமல் என்னோடு கதைத்துக்கொண்டிருப்பா, அப்போது வந்ததுதான்.

இப்போது முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறேன். போன வருடம் ஒரு தமிழ் ஐயா வந்தார், மறதி நோய். முப்பது வருடம் பேசிய ஜெர்மன் முழுக்கப் போய்விட்டது, தமிழ் மட்டும் மிச்சம். இல்லத்தில் நல்ல எண்ணத்தோடு சோறும் கறியும் ஏற்பாடு செய்தார்கள், அவர் தொடவில்லை. எல்லோரும் கறி பிடிக்கவில்லை என்று நினைத்து வேறு கறி மாற்றிக் கொடுத்தார்கள். நான் லீவு முடிந்து போய்ப் பக்கத்தில் இருந்து, "ஐயா, எங்க நோகுது?" என்று கேட்டேன். "வயிறு எரியுது பிள்ளை, குத்தேல்லை, எரியுது" என்றார். எரிவதும் குத்துவதும் வேறு வேறு என்று டாக்டருக்கு அது முக்கியமான செய்தி. அன்று பின்னேரமே மருந்தை மாற்றினார்கள், இரண்டு நாளில் கஞ்சி குடித்தார்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள் அக்கா. சாப்பாடு போதும் என்றுதான் அந்த இல்லத்திலும் நினைத்தார்கள்.

டோர்ட்முண்ட் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும், கொஞ்சம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இரண்டு கிழமை விட்டேன்.

சுவீடன் தங்கச்சி, குறித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, எங்கள் வீட்டிலும் ஏவல்தான். அன்று இரவு நான் அழுதேன்.

சனி வகுப்பை இப்போதைக்கு விட்டுவிட்டோம். பட்டியல் அவள்தான் எழுதுகிறாள், "தேசிக்காய்" என்பதில் சி-க்குப் பதில் சீ, அப்படியே கடைக்குக் கொண்டுபோனேன். பேர்ன் தங்கச்சி எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இப்போது சாப்பாட்டு மேசையில் தன் வேலைக் கதையைத் தமிழில் அவளிடம் சொல்கிறார்.

போன ஞாயிறு புட்டுக்கு மா கொத்தினாள். அம்மம்மா போனில் வழமை போல என்ன சாப்பிட்டனீ என்றார். "புட்டு. நான் கொத்தினேன்." அம்மாவுக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அப்புறம் "எதால கொத்தினனீ?" என்றார். இவளுக்குச் சுண்டு என்ற சொல் வரவில்லை, ஓடிப்போய் எடுத்து வந்து கேமராவுக்குக் காட்டினாள். "அது சுண்டு பிள்ளை." "சுண்டு." போனை நான் கேட்கும்வரை தரவில்லை.

அடுத்தது ஒடியல் கூழ் வேண்டுமாம், காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது. ஒடியல் மா வாங்கிவிட்டேன். அம்மாதான் எப்போதும் காய்ச்சுவார், கசப்புப் போக என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.

லாச்சப்பல்காரன்:

மாவைத் தண்ணீரில் நன்றாக ஊறவிடுங்கள், அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர், இப்படி இரண்டு மூன்று தரம். கூழில் மீன் தலை, நண்டு, பலாக்கொட்டை, பயிற்றங்காய் எல்லாம் வெந்த பிறகு கடைசியில்தான் மாவைக் கரைத்து விடவேண்டும். மீதியை உங்களுக்குச் சொல்ல மாட்டேன் தங்கச்சி. மகளை அம்மம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள்.