ஆச்சி சேலையோட ஒரு தலைப்ப அக்கா புடிச்சிருந்தா

எனக்கு இப்ப 33, ஊரு பாளையங்கோட்டை. பத்தாவது படிக்கும்போதே பசங்க மேலதான் மனசு போகுதுன்னு தெரியும், ஆனா அதுக்கு தமிழ்ல வசவு வார்த்தைய தவிர வேற எதுவும் எனக்கு தெரியாது, தன்பாலீர்ப்புன்னு ஒரு வார்த்தை இருக்குன்னு ரொம்ப வருசம் கழிச்சுதான் படிச்சேன்.

24 வயசுல யாருக்கும் தெரியாம ஒரு டாக்டர்ட்ட போனேன். கல்யாணம் பண்ணுங்க தம்பி, தானா சரியாயிரும்னு சொல்லி மாத்திரையும் எழுதி குடுத்தாரு. வைட்டமின்னு அம்மாட்ட பொய் சொல்லி மூணு மாசம் தின்னேன், நல்லா தூக்கம் வந்துச்சு, அவ்ளோதான். இப்படி மாத்துறதுக்குன்னு வைத்தியமே பண்ணக்கூடாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டு 2021ல சொன்னப்போ எனக்கு அந்த மாத்திரை அட்டதான் ஞாபகம் வந்துச்சு.

2018 செப்டம்பர் 6, ஒரே பாலினத்துல உறவு வச்சுக்கிறது குத்தமில்லன்னு சுப்ரீம் கோர்ட்டு 377வது சட்டப்பிரிவு கேஸ்ல தீர்ப்பு சொன்ன அன்னைக்கு ஜங்ஷன்ல இருந்து பஸ்ல வந்துட்டிருந்தேன், போன் வெளிச்சத்த கொறச்சு வச்சு நியூஸ் படிச்சேன். சென்னை பிரண்ட்ஸ் எல்லாம் இன்னைக்கே வீட்ல சொல்லிருலன்னு ஒரே மெசேஜ். சொல்லல. கோழைப்பயன்னு என்னையே திட்டிக்கிட்டேன்.

அடுத்த மாசம் தாமிரபரணி புஷ்கரம், ஆத்துல முங்கி குளிக்கிற விழா. குறுக்குத்துறைல சரியான கூட்டம், ஆச்சி என் கையப் புடிச்சுட்டு இவனுக்கு சீக்கிரம் ஒரு பொண்ணு அமையணும்னு சத்தமா சொல்லிக்கிட்டே மூணு முங்கு போட்டா. அக்கா என் மொகத்த பாத்துட்டா. படியில வச்சு ஆச்சியோட ஈரச்சேலைய ஆளுக்கொரு தலைப்பு புடிச்சு முறுக்கிட்டிருக்கும்போது என்னலன்னு கேட்டா, நானும் சொல்லிட்டேன், எப்படி சொன்னேன்னு இன்னும் தெரியல. அவ சேலைய விடல, இன்னும் நல்லா முறுக்கிட்டு, "எத்தன வருசமால இத சொமந்துட்டு திரியுத"ன்னு கேட்டா. பெறவு ரெண்டு வாரம் போனே பண்ணல, அது வேற கத. இப்ப எவனாவது ஜாதகத்த தூக்கிட்டு வந்தா அவதான் மொத ஆளா தட்டி விடுதா.

அம்மாவுக்கு இன்னும் சொல்லல, ஆனா முன்ன மாதிரி என்னைய நான் திட்டுறதும் இல்ல. 2023 அக்டோபர்ல எங்கள மாதிரி ஆளுங்க கல்யாணம் பண்ணிக்கிற உரிமை கேட்ட கேஸ் தீர்ப்பு டிவில ஓடும்போது அம்மா அப்பளம் பொரிச்சுட்டே "பாவம்லா அதுகளும்"னு சொன்னா. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எண்ணெய் காஞ்சு அப்பளம் கருகுதுன்னு அவ திரும்பிட்டா, நானும் விட்டுட்டேன். பொங்கலுக்கு அக்கா வாரா, பாப்போம்.