குவாரிக்காரர் தரும் கும்பாபிஷேக நன்கொடை

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு, வணக்கம்.

ஷார்ஜா அண்ணன் எழுதியதைப் படித்தேன். குவாரிக்காரர் கும்பாபிஷேகத்துக்குப் பெரிய தொகை தருகிறாராம், வாங்கிக்கொண்டால் நம் சுமை குறையும் என்கிறார். குறையும்தான். ஆனால் குத்தகை முடிந்து, அவர் மறுபடி விண்ணப்பிக்கப்போகிற நேரம் இது. கோவில் கல்வெட்டில் அவர் பெயரை ஏற்றிவிட்டு, தாசில்தார் முன்னால் யார் வாயைத் திறப்பது?

பொங்கலுக்குப் போனபோது கிழக்குத் தெரு பெரியம்மா வீட்டில் பார்த்தேன். வெடி வைக்கும் நேரம் நெருங்கினால், அடுக்கில் இருக்கும் பித்தளைப் பாத்திரங்களை இறக்கித் தரையில் வைத்துவிடுகிறார். நிலைக்கு மேலே கூரை வரைக்கும் விரிசல். சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள், பூச்சும் பிளந்துவிட்டது. குவாரி மேலாளரைக் கேட்டால் “பழைய வீடு, இது முன்னாடியே இருந்தது” என்கிறாராம். இல்லை என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை.

இங்கே சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் கட்டுமான சைட்டில், பைலிங் (அஸ்திவாரத் தூண்களை மண்ணுக்குள் இறக்கும் வேலை) தொடங்கும் முன்பே பக்கத்துக் கட்டடங்களுக்குள் போய் ஒவ்வொரு விரிசலையும் அளந்து, படமெடுத்து, தேதி போட்டு வைத்துவிடுவார்கள். அக்கறையால் மட்டும் இல்லை. நாளைக்கு யாராவது நஷ்டஈடு கேட்டால் எது பழசு, எது புதுசு என்று தெரிய வேண்டுமே. அதை நாமும் செய்யலாம். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதினால் போதும்; சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். கிணறுகளில் வாரம் ஒருமுறை கயிறு விட்டுத் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று நோட்டில் குறிக்க வேண்டும். குழி ஆழமானால் அதில் ஊறும் தண்ணீரை மோட்டார் போட்டு இறைக்கிறார்கள், சுற்றுக் கிணறுகளின் ஊற்று அந்தப் பக்கம் போய்விடுகிறது. மழைக் கணக்கையும் கூடவே எழுதுங்கள், இல்லாவிட்டால் “மழை பெய்யவில்லை” என்று தப்பிப்பார்கள்.

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது. அதில் குடியிருப்பு என்பது நத்தம் (வருவாய்ப் பதிவேட்டில் ஊர்க்குடியிருப்பு என்று இருக்கும் நிலம்), அங்கீகாரம் பெற்ற மனை, இப்படித்தான் வரும். வயலில் வீடு கட்டிக்கொண்ட குடும்பங்கள் கணக்கில் விடுபட்டுப் போகலாம். அதனால் எந்த வீடு எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம், 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த அனுமதியின் நகலைக் கேட்டு வாங்கினால், எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்று அதிலேயே இருக்கும்.

புகாரை மட்டும் யாரும் தனியாளாகக் கொடுக்க வேண்டாம். திருமயம் பக்கத்தில் குவாரிகளைப் பற்றிப் புகார் கொடுத்துவந்தவர் 2025 ஜனவரியில் லாரி மோதி இறந்ததும், அது கொலை வழக்கானதும் எல்லோருக்கும் தெரியும். அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானமாகவே போடுவோம்.

குவாரியை இழுத்து மூடு என்று நான் சொல்லவில்லை. நம் பையன்கள்தான் அங்கே டிப்பர் ஓட்டுகிறார்கள், நாம் அனுப்பும் பணத்தில் எழும்பும் வீடுகளுக்கும் அதே கிரஷரின் ஜல்லியும் எம்-சாண்டும் (கல்லை நொறுக்கிச் செய்யும் மணல்)தான் போகின்றன. இங்கே சிங்கப்பூரை ஒட்டிய புலாவ் உபின் தீவில் குவாரிகள் ஒவ்வொன்றாக மூட மூட, அங்கிருந்த ஜனமும் தீவை விட்டுக் கிளம்பிவிட்டது. ஆனால் 1999-இல் அங்கே கல்லுடைப்பு நின்றபின் குழிகளைச் சுற்றி வேலி போட்டார்கள். நம் மேற்குப் பக்கத்துப் பழைய குழிக்கு ஒரு முள்கம்பிகூட இல்லை. கோடை விடுமுறையில் பிள்ளைகள் அதில்தான் குதிக்கிறார்கள். அவர் பணம் செலவழிக்க ஆசைப்பட்டால் முதலில் அதற்கு வேலி போடட்டும்.

கும்பாபிஷேகத்தை நாமே செய்வோம், ராஜகோபுர வண்ணப்பூச்சை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினால் தொகை சமாளிக்கக்கூடியதுதான். அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோலாலம்பூர்க்காரர்கள் என்ன சொல்கிறீர்கள்? விரிசலையும் கிணற்று அளவையும் நோட்டில் குறிக்கும் வேலைக்கு ஊரில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரைச் சொல்லுங்கள், போன் ரீசார்ஜ் என் செலவு.

மளிகைக்கடை வீட்டுப் பையன்
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்