கொரியாவின் சிற்றூர்கள்: கதையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுவது சரியா, சும்மா விளம்பரமா?

வைகைக்கரையான்
கொரியா போகிற நம் ஆட்கள் எல்லாரும் சியோல், பூசான், ஜேஜு என்று மூன்று இடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நான் இந்தத் தடவை நம்வொன் என்ற சின்ன ஊரில் இரண்டு இரவு தங்கினேன். சியோலில் இருந்து கேடிஎக்ஸ் ரயிலில் இரண்டு மணி நேரம்தான்.

போகும்முன் அந்த ஊரில் நடப்பதாகச் சொல்லும் சுன்ஹ்யாங் என்ற பழைய காதல் கதையை மட்டும் படித்துக்கொண்டேன். கிசாங் என்னும் கணிகை ஒருத்தியின் மகள் சுன்ஹ்யாங். அதிகாரி வீட்டுப் பையன் மோங்ரியோங்கை ரகசியமாக மணக்கிறாள். அவன் தலைநகர் போனதும் புதிதாக வந்த ஆளுநர் அவளைக் கேட்கிறான், அவள் மறுத்துச் சிறைக்குப் போகிறாள். கடைசியில் மோங்ரியோங் பிச்சைக்காரன் வேடத்தில் அரசனின் ரகசிய ஆய்வாளனாக வந்து நிற்கிறான். இருவரும் முதலில் பார்த்துக்கொண்டதாகச் சொல்லும் குவாங்ஹல்லு மண்டபம் இன்றும் குளத்தோரம் இருக்கிறது. 1419இல் கட்டி, ஜப்பானியர் படையெடுப்பில் எரிந்து, 17ஆம் நூற்றாண்டில் மறுபடி எழுந்தது. பக்கத்தில் சுன்ஹ்யாங்குக்கே ஒரு சன்னதி. வாசல் முகப்பில் நிமிர்ந்து பாருங்கள், ஆமை முதுகில் முயல் சவாரி போகும் மரச் சிற்பம் ஒன்று உண்டு. அது வேறொரு கதையில் வரும் ஜோடி. அதைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றுவிட்டேன்.

அப்புறம் சாப்பாடு. ஊரின் பெருமை சுஒதாங் என்ற மீன் சூப். மதுரைக்காரர்களே, அது நம் அயிரையின் பங்காளி மீன்! நாம் முழுசாகக் குழம்பில் விடுகிறோம், அவர்கள் வேகவைத்து அரைத்து, காய்ந்த முள்ளங்கிக் கீரையோடு கொதிக்கவிடுகிறார்கள்.

ஒரு ஊர், ஒரு கதை, முடிந்தால் ஒரு திருவிழா. இப்படித்தான் கொரியாவைச் சுற்ற வேண்டும் என்பது என் கட்சி.

கணக்குப்பிள்ளை
ஆய்வு வேலையாக டேகுவில் நான்கு வருஷம் இருந்தவன் என்ற முறையில் மறுக்கிறேன். அயிரையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

1995இல்தான் அங்கே மேயர்களையும் மாவட்டத் தலைவர்களையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள். உடனே ஊருக்கு ஊர் ஒரு திருவிழா முளைத்தது. போரியோங் சேற்றுத் திருவிழா 1998. ஊர்ச் சேற்றில் செய்த அழகுசாதனங்களை விற்பதற்காகத் தொடங்கியது. ஹம்ப்யோங் பட்டாம்பூச்சித் திருவிழா 1999. ஹ்வாச்சொனில் உறைந்த ஆற்றில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறார்களே, அது 2003. அந்த மீன் அந்த ஆற்றிலேயே கிடையாது, பண்ணையில் வளர்த்து லாரியில் கொண்டுவந்து விடுகிறார்கள்.

கதையும் அப்படித்தான். ஹோங் கில்தோங் என்ற கொள்ளைக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள், பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்தவன். அவன் எங்கள் ஊரில் பிறந்தவன் என்கிறது ஜாங்சொங் மாவட்டம். கதையை எழுதியவராகச் சொல்லப்படும் ஹொ கியூன் எங்கள் ஊர்க்காரர், ஆகவே அவன் எங்களுக்கே என்கிறது கங்னுங். சுற்றுலா வருமானத்துக்காகப் பங்காளிச் சண்டை. இதில் நீங்கள் எந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு போவீர்கள்?

வைகைக்கரையான்
அந்தச் சண்டையைத்தான் வைத்துக்கொண்டு போவேன்! 1500ஆம் ஆண்டு அரசக் குறிப்பிலேயே ஹோங் கில்தோங் என்ற கொள்ளையன் பிடிபட்டதாக இருக்கிறது. இன்றைக்குக் கொரிய அலுவலகங்களில் மாதிரிப் படிவம் வைத்திருப்பார்களே, அதில் பெயர் என்ற இடத்தில் எழுதியிருப்பதும் 'ஹோங் கில்தோங்'தான். நாடே அவனுக்குப் பட்டா போட்டிருக்கும்போது இரண்டு ஊர்கள் அடித்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்?

எல்லாவற்றையும் 1995 கணக்கில் எழுதாதீர்கள், சார். நம்வொன் திருவிழா தொடங்கியது 1931இல். ஜப்பானியர் ஆட்சி நடந்த காலம். சன்னதி கட்டுவதில் முன்னால் நின்றவர்கள் அந்த ஊர்க் கிசாங்குகள். தங்களில் ஒருத்தியின் மகள், அதிகாரிக்குப் பணியாதவள். அவளுக்கு அவர்கள் எடுத்த கோயில் அது.

கணக்குப்பிள்ளை
நல்ல கதை. அதே திருவிழாவில் இன்றைக்கு என்ன நடக்கிறது? 'சுன்ஹ்யாங்'கைத் தேர்ந்தெடுக்கும் அழகிப் போட்டி. கதையில் வரும் கொடுங்கோல் ஆளுநர் பதவியேற்றதும் செய்யும் முதல் வேலை, ஊர்க் கிசாங்குகளை வரிசையாக வரவழைத்துப் பார்ப்பது. அவள் மறுத்ததைக் கொண்டாடும் விழாவில் பெண்களை வரிசையாக நிறுத்தி மார்க் போடுகிறார்கள். இதை யாராவது அங்கே யோசித்தார்களா?

வைகைக்கரையான்
இந்த அடி வலிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் எதையும் யோசிப்பதில்லை என்பது தப்பு. சன்னதிக்குள் இருக்கும் படத்தின் கதையைக் கேளுங்கள். கிம் உன்ஹோ என்ற பெரிய ஓவியர் வரைந்த படம் நெடுங்காலம் அங்கே இருந்தது. அவர் ஜப்பானிய ஆட்சிக்குத் துணைபோனவர் என்பதற்காக 2020இல் அதை இறக்கிவிட்டார்கள். 2023இல் புதுப்படம் வந்தது. உடனே ஊரில் புகைச்சல்: 'பதினேழு வயசுப் பெண்ணைக் கேட்டால் நாற்பதைத் தாண்டியவளை வரைந்து வைத்திருக்கிறீர்கள், 1931இல் முதலில் வைத்த படத்தையே வையுங்கள்' என்று உள்ளூர் அமைப்புகள் கிளம்பிவிட்டன. பிறக்கவே பிறக்காத ஒரு பெண்ணின் முகத்துக்காக ஊரே இப்படி மல்லுக்கட்டுகிறது. சுற்றுலாத் துறை நினைத்தாலும் இதைச் செய்ய முடியாது.

செம்பவளம்48
இரண்டு பேரும் ஆயிரம் பேசுகிறீர்கள், பூசான் பக்கத்துக் கிம்ஹே என்ற பெயரே வரவில்லையே? கி.பி. 48இல் கடல் கடந்து போய் அங்கே இருந்த பழைய காயா நாட்டின் அரசன் சுரோவை மணந்த நம் தமிழ் இளவரசி செம்பவளம்! அப்பா, அம்மா என்றுதானே இன்றும் அவர்கள் கூப்பிடுகிறார்கள்? அரசன் கல்லறை வாசலில் இரட்டை மீன். பாண்டியன் கொடி ஐயா அது!

கணக்குப்பிள்ளை
வந்துவிட்டாரா! சரி, பொறுமையாகச் சொல்கிறேன். 13ஆம் நூற்றாண்டில் இரியோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த சாம்குக் யூசா என்ற நூல்தான் இதற்கு ஆதாரம். அரசி வாயாலேயே 'நான் ஆயுதா நாட்டு இளவரசி, என் பெயர் ஹொ ஹ்வாங்-ஓக், வயது பதினாறு' என்று வருகிறது. ஹ்வாங் என்றால் மஞ்சள், ஓக் என்றால் ஜேட் கல். இதில் பவளம் எங்கே இருக்கிறது, சிவப்பு எங்கே இருக்கிறது? ஆயுதா என்பது அயோத்தி என்று ஒரு தரப்பு. அயோத்தியில் 2001இலேயே நினைவிடம் வைத்தாயிற்று. தமிழகத்தின் தென்கோடியில் இருந்த பழைய ஆய் நாடு என்று நம் தரப்பு. நூலில் இரண்டுமே இல்லை.

மீன் விஷயம்: அந்த வாசல் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. பாண்டியன் கொடியை அதற்கு எத்தனை நூற்றாண்டு முன்பே இறக்கியாகிவிட்டது.

செம்பவளம்48
பழைய வாசலில் இருந்ததைப் பார்த்துப் புது வாசலில் வரைந்திருக்கலாமே?

கணக்குப்பிள்ளை
'இருந்திருக்கலாம்' என்பதை வைத்துக்கொண்டு எனக்கும் சோழ ராஜ்ஜியத்தில் பங்கு கேட்கலாம்.

மலர்விழி_கங்னுங்
நான் கங்னுங்கில் படிக்கிறேன். கணக்கு அண்ணா, உங்கள் 1995 கணக்கில் எங்கள் தானோ விழா உட்காராது.

விழா சந்திர நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளை ஒட்டி வரும். வேலை ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடும். தெய்வத்துக்குப் படைக்கும் மதுவுக்கு ஊர்க்காரர்கள் வீடு வீடாக அரிசி கொடுக்கிறார்கள். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுப் பாட்டி என் கையிலும் ஒரு சின்னப் பையைத் திணித்து, 'நீயும் இந்த ஊர்ச் சோறுதானே தின்கிறாய், போய்க் கொடு' என்றார். வரிசையில் நின்று கொடுத்தேன். அந்த அரிசியில் காய்ச்சியதுதான் விழாவில் எல்லாருக்கும் வருகிறது. கொஞ்சம் புளிப்பு, கலங்கல் வெள்ளை.

தெய்வத்தின் கதையும் சொல்கிறேன். 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பொமில் என்ற பௌத்தத் துறவிதான் இறந்தபின் தேக்வல்லியோங் கணவாயின் காவல் தெய்வம் ஆனார். குடுவையில் மிதந்த சூரியனோடு தண்ணீரைக் குடித்த கன்னிப்பெண்ணுக்குப் பிறந்தவராம். ஊரில் ஒரு வீட்டுப் பெண்ணை அவர் புலியை அனுப்பித் தூக்கிவரச் செய்து மனைவியாக்கிக்கொண்டார் என்பதும் கதை. துறவிக்குக் கல்யாணமா என்று பாட்டியிடம் கேட்டேன். 'செத்த பிறகுதானே?' என்றார். வருஷத்துக்கு ஒரு தடவை அவரை மலையிலிருந்து இறக்கி மனைவியோடு சேர்த்து வைப்பதுதான் விழாவே.

கணக்குப்பிள்ளை
தங்கச்சி, கங்னுங்கை நான் எதிர்க்கவில்லை. 2005இல் யுனெஸ்கோ அந்த விழாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபு என்று அறிவித்ததும் அதனால்தான். ஆனால் உன்னை உள்ளே கொண்டுபோனது கதை இல்லை, அந்தப் பாட்டி கொடுத்த அரிசிப் பை. இரண்டு நாள் டிக்கெட் போட்டு வருகிறவருக்குப் பாட்டி எங்கே கிடைப்பார்? அவருக்குக் கிடைப்பது ஆற்றங்கரைக் கடைவீதி, கோழி வறுவல், மேடையில் ட்ராட் என்னும் பழைய பாணி சினிமாப்பாட்டு மாதிரி மெல்லிசை. அது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

மலர்விழி_கங்னுங்
கடைவீதியும் பழசுதான் அண்ணா. அப்புறம், பூசாரிப் பெண்கள் ஆடும் கூத்துப் பந்தலில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். போன தடவை என் பக்கத்தில் இருந்த அம்மா எனக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார், கொரிய மொழி தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. முகமூடி நாடகத்தில் வசனமே கிடையாது. மொழி தெரியாதவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்?

வைகைக்கரையான்
அடுத்த பயணம் கங்னுங் என்று முடிவாகிவிட்டது. கணக்குப்பிள்ளை சார், கோபம் இல்லாமல் ஒரு உதவி. பூசானில் ஒரு பகல் மிச்சம் வரும். கிம்ஹே போனால் எங்கே இறங்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை
பூசானின் சசாங் ஸ்டேஷனில் இலகு ரயில் ஏறி 'அருங்காட்சியகம்' ஸ்டேஷனில் இறங்குங்கள். பக்கத்திலேயே கூஜிபோங் என்ற மேடு. 'ஆமையே, தலையை நீட்டு, நீட்டாவிட்டால் சுட்டுத் தின்போம்' என்று மக்கள் பாடியதும் வானத்திலிருந்து ஆறு பொன் முட்டைகள் இறங்கிய இடம் அது. முதல் முட்டையில் வந்தவன்தான் சுரோ. அதை ஒட்டி அரசியின் கல்லறை. கடல் கொந்தளிப்பு அடங்க அவள் கப்பலில் ஏற்றி வந்ததாகச் சொல்லும் பாசா கற்கோபுரத்தை அங்கேயே கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். உருக்குலைந்த கல் அடுக்கு, உற்றுப் பார்த்தால் லேசாகச் சிவப்பு தெரியும். இது இந்த மண்ணின் கல் இல்லை, சேவல் கொண்டை ரத்தம் விட்டுச் சோதிப்பார்களே அந்த வகை என்று இரியோனே எழுதிவைத்திருக்கிறார். நான் மூன்று தடவை போயிருக்கிறேன்.

வைகைக்கரையான்
மூன்று தடவையா? கதையை நம்பாதவர்?

கணக்குப்பிள்ளை
பக்கத்தில் நிழல் நன்றாக இருக்கும்.

செம்பவளம்48
சிவப்பு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வைகை அண்ணே, போகும்போது ஒரு சேவல் வாங்கிக்கொள்ளுங்கள்.